முதிர்ந்த போர்ட் ஜாக்ஸன் அத்திக்குப் புதுவடிவம் அளித்தல்

தொட்டியில் வளர்க்கப்படும் குறுமரங்களுள், இலையற்ற கிளையாக வெட்டிவிட்டால் அந்தக் கிளையையே இழந்துவிடும் ஜாதி ஒன்று. வெட்ட வெட்டத் தழைக்கும் ஜாதி மற்றொன்று. பைன், ஜூனிப்பர் முதலிய முதல் ஜாதி மரங்களின் முன் வாளெடுத்து நிற்பவன் அச்சத்தினாலேயே நிதானம் அடைகிறான். இரண்டாம் ஜாதியைச் சேர்ந்த போர்ட் ஜாக்ஸன் அத்தியின் முன் நிற்பவனுக்கோ அந்த அச்சம் இல்லை. ஆதலால் நிதானமும் பல சமயங்களில் இல்லாமற் போகிறது. இம்மரம் தவறான வெட்டுக்காகத் தன் உயிரை விடுவது அபூர்வம், உருவத்தைத்தான் இழக்கிறது. அடிமரத்தைவிட மேல்மரம் பருத்துவிடுவதும், பழைய வெட்டுகள் முண்டுகளாகப் புடைத்து நிற்பதும், கம்பியின் சுருள் பட்டையில் நிரந்தரமாகப் பதிந்துவிடுவதுமே இந்த மரத்தை வளர்ப்பவர்கள் அடையும் தண்டனைகள். ஆகையால், முதிர்ந்த ஓர் அத்திக்குப் புதுவடிவம் தர விரும்புகிறவர், "இந்த வெட்டை மரம் தாங்குமா?" என்று கேட்பதை விட்டு, "இந்த வெட்டு பத்தாண்டு கழித்து எப்படித் தோன்றும்?" என்று கேட்கப் பழக வேண்டும். இந்த அத்தியாயத்தில் கூறப்படும் முறைகள் யாவும் அந்த ஒரு கேள்வியை ஒட்டியே அமைந்தவை.

மரத்தின் சுபாவம்

ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரை நெடுகிலும், வடக்கே குவீன்ஸ்லாந்தின் கேப் யார்க் தீபகற்பம் தொடங்கித் தெற்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பேகா நகரின் சுற்றுவட்டாரம் வரையில் இந்த விருட்சம் இயற்கையாக வளர்கிறது. நம் ஊர் ஆலும் அரசும் சேர்ந்த அதே பேரினத்தைச் சேர்ந்த இதற்கு, 1804ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் தெஃபோந்தேன், ஃபைக்கஸ் ரூபிஜினோஸா என்ற சாஸ்திரப் பெயரைச் சூட்டினார். இலையின் மேற்புறம் கரும்பச்சையாகவும், அடிப்புறம் பெரும்பாலும் துருவின் நிறமுள்ள மெல்லிய ரோமங்களோடும் இருக்கும். காய்கள் இரட்டை இரட்டையாக மஞ்சள் நிறத்தில் தோன்றிச் செந்நிறமாகப் பழுக்கும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பருமனே உள்ளவையாதலால், குறுமரத்தில் அவை அளவுக்கு ஒவ்வாமல் துருத்துவதில்லை.

சிட்னித் துறைமுகத்தைச் சூழ்ந்த மணற்பாறைச் சரிவுகளில் இந்த மரம் நிற்கும் கோலத்தை ஒருமுறையேனும் நேரில் கண்டவரே இதற்கு வடிவம் தரும் தகுதியைப் பெறுகிறார் என்பது என் அபிப்பிராயம். பறவையின் எச்சத்தில் வந்த விதை பாறையிடுக்கில் முளைத்து, மண்ணைத் தேடித் தன் வேர்களைப் பாறையின் முகத்தின் மீதே ஓடவிட, அவ்வேர்கள் தட்டையாகப் பரந்து, சந்தித்த இடங்களில் ஒன்றோடொன்று இணைந்து, எது வேர், எது அடிமரம் என்று பிரித்துச் சொல்ல இயலாத ஒரே திரளாகிவிடுகின்றன. அத்திரளின் மேலிருந்து கிளைகள் முதலில் சற்று எழும்பி, பின்னர் வெகுதூரம் விரிந்து, உயரத்தைக் காட்டிலும் அகலம் மிகுந்த ஒரு கவிகையைத் தாங்குகின்றன.

வடிவமைப்பவர் மனத்தில் நிறுத்த வேண்டிய குணங்கள் நான்கு. முதலாவது, இலையே இல்லாத பழைய மரத்திலிருந்தும் இது புதிய மொட்டுகளைத் தள்ளும். இரண்டாவது, அழுந்தித் தொடும் வேரும் கிளையும் விரைவில் ஒன்றாகக் கூடிவிடும். மூன்றாவது, கோடையில் பருமன் மிக வேகமாக ஏறும். நான்காவது, உயிரற்ற மரப்பகுதி மென்மையானதாகையால் ஈரத்தில் மக்கிப்போகும். ஜூனிப்பரில் வெண்மையாக இழைத்து அலங்காரமாக வைக்கும் பட்ட மரம் இங்கே நிலைப்பதில்லை. ஆகவே அத்தியின் காயம் மூடப்பட வேண்டிய ஒன்றே தவிர, காட்சிக்கு வைக்கத்தக்கதன்று.

புதுவடிவம் எப்போது தேவைப்படுகிறது

பல்லாண்டுகள் தொட்டியில் வளர்ந்த அத்திகளில் காணப்படும் குறைகள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். பைன் மரத்தைப் போல முக்கோண வடிவில், தட்டுத் தட்டாகக் கீழ்நோக்கித் தாழ்த்திய கிளைகளோடு அமைத்திருப்பது ஒன்று. உச்சியில் ஒரே இடத்திலிருந்து நான்கைந்து கிளைகள் கிளம்பியதால் அவ்விடம் புடைத்து, மேல்மரம் அடிமரத்தைவிடப் பருத்துவிட்டது இரண்டாவது. உட்புறம் வெளிச்சமின்றிச் சிறுகிளைகளை இழந்து, நுனியில் மட்டும் இலைக்கொத்துள்ள நீண்ட மொட்டைக் கிளைகள் மூன்றாவது. வேர்கள் ஒரே பக்கமாக ஓடுவதும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதும் நான்காவது.

இவற்றுள் முதலாவதைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பைன் மரத்தின் கிளை தாழ்ந்து நிற்பதற்கு மலைப் பிரதேசத்துப் பனியின் பாரம் ஒரு காரணம். அந்தத் தோற்றத்தையே முதுமையின் அடையாளமாகக் கொண்டு ஜப்பானியக் கலைஞர்கள் தங்கள் இலக்கணத்தை வகுத்தார்கள். சிட்னியின் சமுத்திரக்கரை அத்திக்கோ பனியின் பாரம் என்பதே கிடையாது. அங்கே முதுமையைக் காட்டுவது கிளையின் தாழ்வன்று; அதன் நீளமும், அடிப்பருமனும், அது தாங்கும் கவிகையின் அகலமுமே ஆகும். எனவே, பைன் உருவில் வளர்க்கப்பட்ட அத்தி எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும், பார்ப்பவர் கண்ணில் இளமரத்துக்குப் போட்ட வேஷமாகவே படுகிறது. கான்பராவில் தேசிய மரத்தோட்டத்துக்குள் அமைந்திருக்கும் தேசிய போன்சாய், பென்ஜிங் தொகுப்பில், ஜப்பானிய மரங்களுக்கு அருகிலேயே ஆஸ்திரேலிய மரங்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த வேற்றுமையை அறிய விரும்புகிறவர் அங்கே ஒரு நாளைச் செலவிடுவது உசிதம்.

வெட்டுமுன் பார்த்தல்

மரத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, சுழலும் மேடையொன்றின் மேல் வைத்து, முதலில் வேர்ப்பரப்பையும், அடுத்து அடிமரத்தின் கீழ் மூன்றிலொரு பங்கையும், கடைசியாகவே கிளைகளையும் பார்க்க வேண்டும். இந்த வரிசை முக்கியமானது. அத்தியின் கிளையைச் சில கோடைகளில் புதிதாகவே உண்டாக்கிவிடலாம். அடிமரத்தின் வளைவையும் தடிப்பையுமோ அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ஆனால் இருக்கும் கிளைகளிடம் கொண்ட பாசத்தினால், சிறந்த அடிமரத்தைப் பின்புறமாகத் திருப்பி வைத்தே பலர் காலம் கழித்துவிடுகிறார்கள்.

மேல்மண்ணை விரலால் மெல்ல விலக்கி, புதைந்திருக்கும் வேர்களின் தொடக்கம் தெரியும்வரை கீழே செல்ல வேண்டும். பழைய மரங்களில் மிக அழகான வேர்ப்பரப்பு சில சென்டிமீட்டர் ஆழத்தில் மறைந்திருப்பது உண்டு. பின்னர்த் தொட்டியின் ஒரு பக்கத்தில் மரத்துண்டை ஆப்பாக வைத்து, மரத்தை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து பாகைச் சாய்வு, வெட்டியே ஆகவேண்டும் என்று நினைத்த ஒரு கிளையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

முகப்பு இன்னதென்று தீர்மானமான பிறகு, நீக்க எண்ணும் கிளையைக் கறுப்புத் துணியால் சுற்றி மறைத்து, எட்ட நின்று பார்த்தல் நல்லது. அப்படியே ஒரு வாரம் விட்டு வைத்துப் பார்ப்பது அதனினும் நல்லது. நிழற்படம் எடுத்து அதன் மேல் பென்சிலால் வரைந்து பார்ப்பதும் பயனுள்ள வழக்கம். ஆனால் படம் ஆழத்தைக் காட்டாது. நம்மை நோக்கி நீளும் கிளையைப் படத்தை மட்டும் நம்பித் தீர்மானிக்கலாகாது.

காலம்

தென்கோளத்துப் பருவங்களை நினைவில் கொள்க: செப்டம்பரில் வசந்தம், டிசம்பரில் கோடை, மார்ச்சில் இலையுதிர்காலம். வெப்பநாட்டு மரமாகிய அத்தி, இரவுகள் குளிர்ச்சி நீங்கிய பின்னரே முழு வேகத்தோடு வளர்கிறது. ஆகையால் சிட்னியில் அக்டோபர் பிற்பகுதி முதல் ஜனவரி வரையிலும், மெல்போர்ன், கான்பரா போன்ற குளிர்ந்த இடங்களில் நவம்பர் பிற்பகுதிக்குப் பின்னரும் பெரிய வெட்டுகளைச் செய்யலாம். குளிர்காலத்தில் மரம் உறங்குவதால் வெட்டுவது நல்லது என்ற விதி இலையுதிர்க்கும் மரங்களுக்கு உரியது. அத்தியில் குளிர்காலத்து வெட்டு மாதக்கணக்கில் மூடாமலே நின்று அழுகலுக்கு இடம் கொடுக்கும். கான்பராவின் உறைபனியிலிருந்து தொட்டி மரத்தைக் கூரையின் கீழ் வைத்துக் காப்பாற்றுவதும் அவசியம்.

பெரிய மாற்றத்துக்கு முந்திய கோடை முழுவதும் மரத்தைக் கத்தரியால் தொடாமல், உரமும் நீரும் குறைவின்றிக் கொடுத்து, மனம்போல வளரவிட வேண்டும். வெட்டுக்குப் பின் மொட்டு தள்ளும் சக்தி அனைத்தும் அந்த ஓராண்டில் இலைகள் சேமித்து வைத்ததே.

பெரிய வெட்டுகள்

வெட்டியவுடன் வெண்ணிறப் பால் வடியும். அது தோலில் எரிச்சல் உண்டாக்கக் கூடியது. கண்ணில் பட்டால் துன்பம் தரும். எனவே கையுறை அணிவது நலம். வெட்டிய இடத்தில் நீரைத் தெளித்துப் பால் நிற்கும்வரை துடைத்த பிறகே மெழுகையோ காயப் பசையையோ பூச வேண்டும். வடிந்துகொண்டிருக்கும் பாலின் மேல் எந்தப் பசையும் ஒட்டாது.

பருத்த கிளையை முதல் நாளிலேயே அடியோடு ஒட்ட வெட்டிவிடக் கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள கட்டையை விட்டு வெட்டினால், அக்கட்டை எந்த அளவுக்குக் காய்கிறது, உயிரோட்டம் எந்தக் கணுவில் வந்து நிற்கிறது என்பதைச் சில வாரங்களில் மரமே காட்டிவிடும். அதன்பின், கூரிய கத்தியால் விளிம்பைச் சுத்தமாகச் சீவி, நடுப்பகுதியைச் சற்றுக் குழிவாகக் குடைந்துவிட்டால், சுற்றிலும் உருண்டு வரும் புதுப்பட்டை மேடாக நிற்காமல் மட்டமாகப் படியும். ஓராண்டில் மூடாமல் தயங்கி நிற்கும் காயத்தின் விளிம்பை அடுத்த கோடையில் மீண்டும் சிறிது சீவிவிட்டால், தடைப்பட்ட வளர்ச்சி மறுபடி தொடங்கும்.

உச்சியைத் தாழ்த்தும் பொருட்டு நடுமரத்தையே வெட்டும்போது, வெட்டு முகப்பிலிருந்து பின்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். அப்போது தழும்பு பார்வையிலிருந்து மறையும், நீரும் தேங்காது. வெட்டின் மேல்விளிம்புக்கு அருகில் எழும் ஒரு வலிய தளிரைப் புதிய உச்சியாகத் தேர்ந்தெடுத்து, அதை ஒரு கோடை முழுவதும் நறுக்காமல் ஓடவிட்டால், அது பருப்பதோடு காயத்தையும் விரைவில் மூடிவிடும்.

இவ்விடத்தில்தான் முன்பு கூறிய தண்டனை காத்திருக்கிறது. வெட்டிய சில வாரங்களில் அந்தத் தழும்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மொட்டுகள் வளையமாகப் புறப்படும். மரத்தின் உயிர்ப்பைக் கண்டு மகிழ்ந்து அவற்றை அப்படியே விட்டுவிடுகிறவர், இரண்டே ஆண்டுகளில் அவ்விடத்தில் ஒரு முண்டைக் காண்பார். அதைத் திருத்த மீண்டும் வெட்டு, அந்த வெட்டுக்கு மீண்டும் மொட்டுகள் என்று அந்தத் துன்பம் முடிவின்றித் தொடரும். தளிர்கள் விரற்கடை நீளம் ஆனதுமே, வேண்டிய திசையில் உள்ள ஒன்றையோ இரண்டையோ வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கையால் கிள்ளி எறிந்துவிட வேண்டும். புதுவடிவம் அளிக்கும் வேலை முழுவதிலும் இதைவிடச் சிறியதும் இதைவிட அவசியமானதுமான செயல் வேறில்லை.

கிளைகளை அமைத்தல்

அத்தியில் கிளையின் போக்கை மாற்ற இரண்டு வழிகள் உண்டு: கம்பி ஒன்று, கத்தரி மற்றொன்று. கம்பி சுற்றுவதானால், தளிர் பச்சை நிறம் மாறி முற்றத் தொடங்கும் நிலையில், மென்மையான அலுமினியக் கம்பியால் சுற்றுவது ஏற்றது. கோடையில் நாலைந்து வாரங்களுக்குள்ளேயே கம்பி பட்டையைக் கடிக்கத் தொடங்கிவிடுமாகையால், இரு வாரத்துக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு சுற்றையும் பார்க்க வேண்டும். கழற்றும்போது சுருளைத் திருப்பி அவிழ்க்காமல் துண்டு துண்டாக வெட்டியே எடுக்க வேண்டும். முற்றிப் பருத்த கிளைகளுக்குச் சுற்றுக்கம்பி பயன்படாது. ரப்பர்த் துண்டை அடியில் வைத்து, இழுகம்பியால் தொட்டியின் விளிம்போடு கட்டிச் சிறிது சிறிதாக இழுப்பதே தகும்.

கத்தரியால் அமைக்கும் முறை மெதுவானது. ஆனால் இந்த மரத்துக்கு மிகப் பொருத்தமானது. கிளையை நீள ஓடவிட்டு, வேண்டிய பருமன் வந்ததும், விரும்பும் திசையை நோக்கிய ஒரு கணுவுக்கு மேலே வெட்டிவிட்டால், அடுத்த பகுதி அத்திசையில் கிளம்பும். அதையும் ஓடவிட்டு வெட்டினால் மறுதிசை கிடைக்கும். இவ்வாறு முறிந்து முறிந்து செல்லும் கிளையும், ஒவ்வொரு முறிவிலும் குறைந்து வரும் பருமனும் மணற்பாறை அத்தியின் கிளையமைப்பை உள்ளபடி காட்டும். கீழ்க்கிளைகளை ஏறத்தாழக் கிடையாகவும், மேலே செல்லச் செல்ல எழும்பியும் அமைத்து, எல்லா நுனிகளும் சேர்ந்து தட்டையான கவிகையாகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கணுவுக்கு இரண்டு கிளைக்கு மேல் வேண்டாம்.

கிளை இல்லாத இடத்தில் கிளை வேண்டுமானால், இம்மரத்தின் கூடும் குணம் கை கொடுக்கும். அதே மரத்தின் நீண்ட தளிரொன்றின் இலைகளை நீக்கி, அடிமரத்தில் துளையிட்டு அதன் வழியே கோத்து, வெளிவரும் பக்கத்தில் இறுக்கி அடைத்துவிட்டால், தளிர் பருத்துத் துளையோடு கூடிவிடும். வெளிவந்த பகுதி நுழையும் பகுதியைவிடத் தெளிவாகப் பருத்திருந்தால் ஒட்டு கூடிவிட்டது என்று கொண்டு, நுழையும் பக்கத்தை வெட்டிவிடலாம்.

வேரும் தொட்டியும்

கடும் வெப்பத்தில் அத்தியின் தலையையும் வேரையும் ஒரே நாளில் வெட்டி வெற்றி கண்ட அனுபவசாலிகள் பலர். எனினும் வயது முதிர்ந்த, இழக்க விரும்பாத மரத்துக்கு அவ்விரண்டையும் தனித்தனிக் கோடைகளில் செய்வதே என் ஆலோசனை. உயிருக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. வேரும் தலையும் ஒருங்கே குறைந்த மரம் ஓராண்டு மெதுவாக வளர, அந்த ஓராண்டில் காயங்களும் மெதுவாகவே மூடும் என்பதே காரணம்.

வேர்க்கட்டியைக் கழுவி, நேர் கீழே செல்லும் தடித்த வேர்களை நீக்கி, பக்கவாட்டில் பரவும் வேர்களை விரித்து அமைக்க வேண்டும். ஒரு பக்கம் வேரே இல்லையெனில், வெட்டிய இடத்தில் பட்டையைச் சீவி, இளஞ்செடியொன்றின் தண்டை அங்கே அழுந்த வைத்துச் சிறு ஆணியால் பொருத்திவிட்டால், அது நாளடைவில் மரத்தோடு இணைந்து வேராகிவிடும். வேர்ப்பரப்பு முழுவதுமே பயனற்றதாயின், அதற்கு மேலே பட்டையை வளையமாக நீக்கி, ஈரப் பாசி கட்டிப் பதியம் போட்டு, வட்டமாகப் புதிய வேர்களைப் பெறுவது இந்த மரத்தில் கடினமன்று.

மண் கலவை நீர் தேங்காததாக இருக்கட்டும்: மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள எரிமலைக் கற்களும், பொடி சலித்த பைன் பட்டைத் துண்டுகளும் போதும். கவிகை அகன்ற மரத்துக்கு ஆழம் குறைந்து நீண்ட தொட்டியே சோபை தரும்.

இலை நீக்கம், உரம், பூச்சி

மண்ணில் வளரும்போது ஆறு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் வளரும் இலை, கிளைகள் நெருக்கமாகப் பிரிந்த குறுமரத்தில் மிகவும் சிறுத்துவிடும். அதற்கு உதவுவது கோடைக்கால இலை நீக்கம்: காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் கத்தரித்தால், சில வாரங்களில் புதிய, சிறிய இலைகள் தோன்றும். ஆரோக்கியமான மரத்துக்கே இது தகும். வேர் வெட்டிய ஆண்டிலும், பருக்க வேண்டிய கிளையிலும் செய்யலாகாது. ஜனவரி முடிவுக்குள் இதை முடித்துவிட்டால், குளிர் வருமுன் புதிய இலைகள் முற்றிவிடும்.

ஆஸ்திரேலியத் தாவரங்கள் எல்லாவற்றுக்குமே பாஸ்பரஸ் ஆகாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது பாங்க்ஸியா, கிரெவில்லியா முதலியன அடங்கிய புரோட்டியா குடும்பத்துக்கே முக்கியமாகப் பொருந்துவது. முசுக்கட்டைக் குடும்பத்தைச் சேர்ந்த அத்திக்குச் சாதாரண உரங்களைத் தயக்கமின்றி இடலாம். அத்தியிலை வண்டின் புழுக்கள் இலைச் சதையைத் தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கும். அவற்றைக் கையால் பொறுக்கி அழிப்பதே தொட்டி மரத்துக்குப் போதுமானது. எறும்புகள் ஏறி இறங்குமாயின் செதில் பூச்சி இருக்கிறதா என்று கிளையின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும்.

ஆண்டுகளின் வரிசை

முதல் கோடையில் தடையற்ற வளர்ச்சி. இரண்டாம் கோடையில் பெரிய வெட்டுகளும் மொட்டுத் தேர்வும். மூன்றாம் கோடையில் கிளைகளின் திசையும் ஒட்டுகளும். நான்காம் கோடையில் வேரும் தொட்டியும். ஐந்தாவது முதல் சிறுகிளைகளைப் பெருக்குதல் என்று வகுத்துக்கொண்டால் பெரும்பாலான மரங்களுக்குப் பொருந்தும். ஒவ்வொரு பெரிய வெட்டின் இடத்தையும் குறுக்களவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை அளந்து வருவது நல்ல வழக்கம். திறந்திருக்கும் காயம் ஒன்றேனும் அந்தப் பட்டியலில் இருக்கும்வரை, அதற்கு மேலுள்ள ஒரு கிளையையாவது நறுக்காமல் ஓடவிட்டு வையுங்கள். அந்தக் கிளையின் இலைகள் ஊட்டும் உணவே அக்காயத்தை மூட வேண்டும். பட்டியலில் உள்ள காயங்கள் எல்லாம் மூடிய ஆண்டில் அக்கிளையையும் நீக்கிவிட்டு, வாளை எடுத்து வைத்துவிட்டுக் கத்தரியை மட்டும் கையில் கொள்ளலாம்.